அடிபம்பின் கைப்பிடியும் ஒரு பச்சை வாழைக்காயும்

அடிபம்புக்குக் கைப்பிடி இல்லை.

மற்றதெல்லாம் இருந்தது. நீல வர்ணம் இருந்தது. வளைந்த மூக்கு இருந்தது. சுற்றிலும் வட்டமாய் சிமெண்டு மேடை, தண்ணீர் ஓட வாய்க்கால், எல்லாம் இருந்தன. கைப்பிடி இருக்க வேண்டிய இடத்தில் ஓட்டை. அதன் வழியே பார்த்தால் வாழைத்தோப்பு தெரிந்தது.

"மூணாவது தடவை," என்றார் நாம்போஸோ டீச்சர்.

கியபேரா ஆரம்பப் பள்ளியின் தலைமையாசிரியை அவர். ஊர்த் தண்ணீர்க் கமிட்டிக்கும் தலைவி. கிழக்கே ம்பாலே மலைப்பக்கத்துக்காரர். வேலை மாற்றலில் இங்கே வந்து ஒரு வருஷம்தான் ஆகிறது.

நான் மயாஞ்சா. மசாகா டவுனில் மருந்துக்கடை மாடியில் துப்பறியும் ஆபீஸ் வைத்திருக்கிறேன். புரோசி என் உதவியாள். வயது இருபத்து நான்கு. அவளுக்கு மோட்டார் பைக் ஓட்டத் தெரியும், எனக்குத் தெரியாது. அவளை வேலைக்கு வைத்ததற்கு முதல் காரணம் அது. இரண்டாவது காரணத்தை இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன்.

"நாலாவது கைப்பிடி வாங்கிட வேண்டியதுதானே டீச்சர்?" என்றேன்.

"மசாகா கடையில இருந்த ரெண்டையும் நானே வாங்கியாச்சு. இனிமே கம்பாலாவுலேருந்து வரணும். ரெண்டு வாரமாகும். இன்னிக்கு வியாழன். சனிக்கிழமை பத்து மணிக்கு ஹாலிடே வர்றார்."

ஹாலிடே இங்கிலாந்துக்காரர். கிணறு தோண்டித் தரும் சின்ன தர்ம அமைப்பு ஒன்றை நடத்துகிறார். பிப்ரவரியில் இந்தப் பம்பைப் போட்டவர் அவர்தான். இப்போது ஜூன்.

"ஜனங்க இதுல தண்ணி பிடிக்கிறத அவர் கண்ணால பாக்கணும். பாத்தா, ரெண்டாவது பம்பு என் பள்ளிக்கூடத்துக்கு. பாக்கலேன்னா துளை போடற லாரி அடுத்த வட்டாரத்துக்குப் போயிடும்." டீச்சர் குரலை நிதானப்படுத்திக்கொண்டார். "நூத்தி நாப்பத்தாறு பிள்ளைங்க குட்டைத் தண்ணி குடிக்குதுங்க. மாடும் அதுலதான் குடிக்குது. போன மாசம் என் பொண்ணு டைஃபாய்டுல பன்னெண்டு நாள் படுத்துக் கெடந்தா. அவளுக்கு ஆறு வயசு."

 

"கூலிய முன்னாலேயே வாங்கிட்டோம் பாஸ்," என்று புரோசி ஞாபகப்படுத்தினாள். "பாதி முன்பணம்னு கேட்டேன். சேவல்ல பாதி எப்படித் தர்றதுன்னு முழுசாத் தந்துட்டாங்க."

சிவப்புச் சேவல் கால் கட்டப்பட்டு பைக் கேரியரில் உட்கார்ந்திருந்தது. எங்கள் மூவரில் அதுதான் துப்பறிபவர் மாதிரி இருந்தது.

நான் மேடையைச் சுற்றி வந்தேன்.

கைப்பிடியைப் பிடித்திருந்த நட்டும் போல்ட்டும் ஒரு கேன் மூடியில் வரிசையாக வைக்கப்பட்டிருந்தன. எண்ணெய் தடவியிருந்தது. மேலே வாழையிலை மூடியிருந்தது. இலை பறக்காமலிருக்க ஒரு கல்.

"பழைய இரும்புக்காரன் வேலைன்னு போலீஸ் சொல்லுச்சு," என்றார் டீச்சர்.

"பழைய இரும்புக்காரன் போல்ட்டுக்கு எண்ணெய் போட மாட்டான் டீச்சர். போல்ட்டையும் சேத்து எடுத்துட்டுப் போயிருப்பான்."

"கையோட என்னோட பைக்கையும்," என்றாள் புரோசி.

பம்பின் மூக்குக்குள் சிலந்தி வலை. வாய்க்காலில் முழங்கால் உயரத்துக்குப் புல். கேன் வரிசை வைத்து வைத்து மண் தேய்ந்திருக்க வேண்டிய இடத்தில் பூச்செடி.

"கைப்பிடி போனது செவ்வாய்க்கிழமை. முழங்கால் உயரப் புல்லு ரெண்டு நாள்ல வளராது. கைப்பிடி இருந்தப்பவும் யாரும் தண்ணி பிடிக்கல, இல்லையா?"

டீச்சர் தரையைப் பார்த்தார். "வர்றதில்ல. தண்ணி உப்புங்கறாங்க. தூரம்ங்கறாங்க. இடுப்பு வலிங்கறாங்க."

"உப்பா?"

"கல்கண்டு மாதிரி இருக்கும். குட்டை இதைவிட மூணு மடங்கு தூரம். கடைசியில என் பிள்ளைங்கள அனுப்பினேன். பிள்ளைங்க கைப்பிடியில தொங்கி ஆடி சந்தோஷமா அடிச்சுதுங்க. அன்னிக்கு சாயங்காலமே கைப்பிடி போச்சு. மூணு தடவையும் அப்படித்தான். ஜனங்க வராதது ஒரு தலைவலி, திருடன் இன்னொரு தலைவலி."

"ஒரே தலைவலிதான்," என்றேன். "ரெண்டு பக்கம் வலிக்குது."

மேடையின் தலைமாட்டில் பளபளவென்று ஒரு கறுப்புக் கல் பதித்திருந்தது. *டோரத்தி ஹாலிடே அவர்களின் அன்பு நினைவாக, 1938 – 2016* என்று ஆங்கிலத்தில் வெட்டியிருந்தது. அதன் கீழே ஏதோ ஒரு பிராணியின் உருவம். அமைப்பின் சின்னமாம்.

புரோசி குனிந்து பார்த்தாள். "பூனையா பாஸ் இது? குளிப்பாட்டின பூனை."

பூனையோ நாயோ, மேடை முழுக்க தூசி கிடக்க அந்தக் கல்லைச் சுற்றி மட்டும் சுத்தமாகப் பெருக்கியிருந்தது. கல்லின் ஓரத்தில் மூன்று காப்பிக் கொட்டைகள். உதிர்ந்தவை அல்ல. யாரோ வைத்தவை.

அப்போது பாதையில் ஒரு பெண் வந்தாள். தலையில் மஞ்சள் கேன், கையில் பிள்ளை. பிள்ளை உரக்கப் பாடிக்கொண்டு வந்தது. பம்பை நெருங்கியதும் அவள் அதன் வாயைப் பொத்தினாள். மெதுவாக நடந்து எங்களைக் கடந்தாள். வாழைத்தோப்பு முனை வந்ததும் கையை எடுத்தாள். பிள்ளை விட்ட இடத்திலிருந்து பாடத் தொடங்கியது.

சேவலுக்கு இதெல்லாம் தெரியாது. கழுத்தை நீட்டிக் கூவியது.

அவள் திரும்பி, "உஷ்! இங்கயா கூவறது?" என்று சேவலைத் திட்டிவிட்டுப் போனாள்.

"பாஸ்," என்றாள் புரோசி. "இந்தப் பம்புக்கு உடம்பு சரியில்லையா?"

நான் புல்லைக் கிளறிக்கொண்டிருந்தேன். பம்பின் பின்புறப் புல்லில் ஒன்று கிடைத்தது. பச்சை வாழைக்காய்த் துண்டு. கட்டை விரல் நீளம். ஒரு முனை செதுக்கியிருந்தது.

எங்கள் ஊரில் எந்தக் கேனுக்கும் மூடி ஒரு மாதத்துக்கு மேல் நிலைக்காது. பிறகு வாழைக்காயைச் செதுக்கி அடைப்போம். முனையை முகர்ந்தேன். எண்ணெய் வாசனை. போல்ட்டை முகர்ந்தேன். அதே வாசனை.

"எண்ணெய் கொண்டுவந்த கேனோட அடைப்பான். திருடன் கையில இருந்தது."

புரோசி அதை வாங்கி ஒரு துளி கடித்தாள். முகம் கோணியது. துப்பினாள்.

"சமையல் வாழை இல்ல பாஸ். கசக்குது. கள்ளு வாழை."

"இந்த ஊர்ல வாழைக்கள்ளு யார் காய்ச்சறாங்க டீச்சர்?"

"ஒரே ஒருத்தர். ஸலோங்கோ."

இரட்டைப் பிள்ளைகளுக்குத் தகப்பனானால் எங்களூரில் சொந்தப் பெயர் போய்விடும். ஸலோங்கோ ஆகிவிடுவான். அது மரியாதை. மறுக்கவும் முடியாது.

மூன்று பேரும் ஒரு சேவலும் ஒரே பைக்கில் போனோம்.

*

ஸலோங்கோவின் முற்றத்தில் மரத்தொட்டி ஒன்று தோணி மாதிரி நீளமாகக் கிடந்தது. உள்ளே இரண்டு ஆட்கள் பழுத்த வாழைப்பழத்தையும் புல்லையும் காலால் மிதித்துக்கொண்டிருந்தார்கள். நிழலில் ஏழெட்டு வாடிக்கையாளர்கள் சுரைக்குடுக்கையில் குழல் விட்டு உறிஞ்சினார்கள். மணி காலை பதினொன்று.

ஸலோங்கோ எழுந்து வந்தார். ஒல்லி. அறுபது வயது. கோட்டு போட்டிருந்தார், செருப்பு போடவில்லை.

"வாங்க. உழைப்புக்கு நன்றி." எங்கள் பக்கத்தில் வணக்கம் அப்படித்தான்.

"உங்க உழைப்புக்கும் நன்றி."

"வழியெல்லாம் எப்படி?"

"இருக்கு."

"டவுன்ல எப்படி?"

"நடக்குது."

"வீட்டுல எல்லாரும்?"

"நான் இருக்கேன்."

ஒரு கணம் என்னைப் பார்த்தார். மேற்கொண்டு கேட்கவில்லை. நல்ல மனிதர் என்று அப்போதே தெரிந்தது. திருடர்களில் நல்ல மனிதர்கள் அதிகம். அதுதான் இந்தத் தொழிலில் சிரமம்.

புரோசி முழங்காலிட்டு வணக்கம் சொன்னாள். எழும்போதே என் காதில், "சுவரைப் பாருங்க," என்றாள்.

சுவரோரம் கேன்கள் வரிசையாக நின்றன. ஒவ்வொன்றையும் அடைத்திருந்தது பச்சைக் கள்ளு வாழைக்காய். எல்லாம் ஒரே மாதிரி.

"போச்சு," என்றார் டீச்சர். "ஊர்ல ஆம்பளைங்க எல்லாருமே இங்கதான் வாங்கறாங்க. யாரோடதுன்னு சொல்றது?"

என் கையிலிருந்த காயைத் திருப்பினேன். அடிப்பக்கத்தில் கத்தியால் இரண்டு கீறல். சுவரோரக் கேன்களைப் பார்த்தேன். ஒன்றில் மூன்று கீறல். ஒன்றில் ஐந்து. ஒன்றில் பெருக்கல் குறி. கேன் மாறாமலிருக்க ஆளுக்கொரு அடையாளம்.

நிழலைப் பார்த்துக் கேட்டேன். "ரெண்டு கீறல் யாரோடது?"

உறிஞ்சும் சத்தம் நின்றது.

"எனக்கு மூணு," என்றார் ஒருவர்.

"எனக்கு அஞ்சு. எப்பவும் அஞ்சுதான். பொண்டாட்டிய வேணா கேளுங்க."

"என்னுது பெருக்கல்."

"எனக்குக் கீறலே கெடையாது. நான் இங்கயே குடிச்சிட்டுப் போயிடுவேன்."

எல்லோரும் தங்களை ஒவ்வொருவராக விலக்கிக்கொண்டார்கள். யாரும் யாரையும் காட்டிக்கொடுக்கவில்லை. நாகரிகமான கூட்டம். கடைசியில் பதில் சொல்லாமல் நின்றது ஒரே ஒருவர்.

"ரெண்டு பிள்ளைய ஒண்ணாப் பெத்தவர் எதுக்கெடுத்தாலும் ரெண்டுதான் போடுவார், இல்லையா பெரியவரே?" என்றாள் புரோசி.

ஸலோங்கோ பெருமூச்சு விட்டார். "உள்ள வாங்க."

வீட்டின் உள்ளறையில் சுவரில் மூன்று நீளமான பொட்டலங்கள் தொங்கின. மரப்பட்டைத் துணியில் சுற்றி, நார் போட்டுக் கட்டியிருந்தது. பெரிய மனிதர்களின் பிரேதத்தை எங்கள் பக்கத்தில் அப்படித்தான் சுற்றுவோம். ஒன்றை அவிழ்த்தார். கைப்பிடி எண்ணெயில் மின்னியது.

டீச்சர் வெடித்தார். "ஸலோங்கோ! நீங்களா? என் பொண்ணு ஆஸ்பத்திரியில இருந்தப்ப பழம் கொண்டுவந்து குடுத்தீங்க! குட்டைத் தண்ணியாலதான்னு தெரியும்! தெரிஞ்சும் கழட்டினீங்களா?"

"டீச்சரம்மா, உக்காருங்க."

"உக்கார மாட்டேன்!"

"அப்ப நான் உக்காந்துக்கறேன்." உட்கார்ந்தார். "நானே கேக்கறேன். உங்க அம்மா செத்துட்டாங்க. நெஞ்சு மேல கல்லு நட்டு பேரெழுதி வெச்சாச்சு. அங்க போய் ஒருத்தன் இரும்புத் தடிய வெச்சு மேல கீழ, மேல கீழன்னு அடிச்சா விடுவீங்களா? அதுல பிள்ளைங்க வேற தொங்கி ஆடுதுங்க. வயசான பொம்பள. எழுபத்தெட்டு. கல்லுல போட்டிருக்கு, கணக்குப் போட்டுப் பாத்தேன்."

 வெளியே தொட்டியில் மிதிக்கும் சத்தம் மட்டும் கேட்டது.

வாயைப் பொத்திய தாய். பெருக்கிய தரை. செத்தவருக்குப் படைக்கும் காப்பிக் கொட்டை. எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்து உட்கார்ந்தன. நான் நானூறு கல்லறை பார்த்தவன். சிமெண்டு மேடை, தலைமாட்டில் கறுப்புக் கல், பெயர், இரண்டு வருஷங்கள். நடுவில் ஒரு பம்பு நிற்கிறது என்பதற்காக எனக்கு உறைக்கவில்லை.

"என்கிட்ட ஏன் சொல்லல?" டீச்சரின் குரல் இறங்கிவிட்டது. "இதுக்கா உப்புன்னீங்க, இடுப்பு வலின்னீங்க?"

"யார் சொல்றது? நீங்க மலைப்பக்கத்தவங்க. கல்ல வாங்கி வெக்க கையெழுத்துப் போட்டதும் நீங்க. முகத்துக்கு நேரா சொன்னா மனசு கஷ்டப்படும். அதோட நீங்க படிச்சவங்க. கல்லுல எழுதியிருக்கறது படிக்கத்தானே?"

நான் சிரித்தேன். எனக்கே ஆச்சரியமாக இருந்தது. "பெரியவரே, வழக்கு முடிஞ்சது. அந்தக் கல்லு வெறும் ஞாபகார்த்தம். வெள்ளக்காரங்க பெஞ்சுக்கும் போடுவாங்க, மரத்துக்கும் போடுவாங்க. அந்தம்மாவ இங்கிலாந்துல பொதச்சிருப்பாங்க. இங்க யாரும் இல்ல."

"அப்படியா?" என்றார் ஸலோங்கோ. "அப்ப அந்த டப்பாவுல இருந்தது யாரு?"

"எந்த டப்பா?"

"சிமெண்டு கலந்தது நான்தான். ஊர் வேலை, வீட்டுக்கொரு ஆள். அந்த ஹாலிடே பையிலேருந்து ஒரு டப்பா எடுத்தார். தெறந்து, சாம்பல் கலர்ல ஒரு பொடிய ஈர சிமெண்டுல கொட்டினார். சிமெண்டு பத்தலையோன்னு நெனச்சேன். அப்புறம் பாத்தா அழறார். டப்பாவ மூடிட்டு 'மம்'னார். அந்த அளவுக்கு இங்கிலீஷ் எனக்கும் தெரியும்."

நான் டீச்சரைப் பார்த்தேன். டீச்சர் என்னைப் பார்த்தார். சிரிப்பு போன இடம் தெரியவில்லை.

"பாஸ்," என்றாள் புரோசி. "வழக்கு முடிஞ்சதுன்னீங்களே. எந்தப் பக்கமா?"

"எரிச்சிருக்காங்க," என்றேன். "அங்க அது வழக்கம்தான். எரிச்சு, சாம்பல டப்பாவுல குடுப்பாங்க."

ஸலோங்கோவுக்கு அது முதல் தடவையாகக் கேட்கிற செய்தி. கையிலிருந்த கைப்பிடியைத் தரையில் வைத்தார். "பெத்த தாயவா? நெருப்புலயா?"

"உலகத்துல நெறைய பேர் அப்படிச் செய்யறாங்க பெரியவரே. எரிச்ச சாம்பல ஆத்துல கரைக்கிறவங்களும் இருக்காங்க."

"அந்த ஆத்துத் தண்ணிய குடிக்க மாட்டாங்க இல்ல?"

நான் பேச்சை மாற்றினேன்.

டீச்சர் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். "அப்ப முடிஞ்சது. உண்மையிலேயே கல்லறைதான். கைப்பிடிய மாட்டினாலும் ஒருத்தரும் வர மாட்டாங்க. சனிக்கிழமை அவர் வந்து சிலந்தி வலையப் பாத்துட்டுப் போவார்."

நான் சுவரில் தொங்கிய பொட்டலங்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஏதோ இடித்தது.

"பெரியவரே. சிமெண்டு கலக்க வீட்டுக்கொரு ஆள் வந்திருக்காங்க. அந்தக் கல்ல பெருக்கறது, காப்பிக் கொட்ட வெக்கறது, கைப்பிடிய மரப்பட்டையில சுத்தறது எல்லாம் நீங்க ஒருத்தர் மட்டும். ஏன்? வேற யாருக்கும் இல்லாத அக்கறை உங்களுக்கு ஏன்?"

"வேற யார் செய்வா? சொந்தக்காரன் நான்தானே."

"யாருக்கு?"

"அந்தம்மாவுக்கு. கல்லுல குலச்சின்னம் போட்டிருக்கே, பாக்கலையா? நீர்நாய். நான் நீர்நாய்க் குலம். எங்க பொம்பள ஒருத்தி கடல் தாண்டிப் போய் வாக்கப்பட்டு, கடைசியில வீடு திரும்பியிருக்கா. எப்படிப் போனாளோ, எனக்குத் தெரியாது. குலம் குலம்தான்."

எங்களூரில் ஒவ்வொரு குலத்துக்கும் ஒரு பிராணி சின்னம்; அந்தக் குலத்தார் அதைத் தின்ன மாட்டார்கள். என் பக்கத்தில் மெல்லிய சத்தம் கேட்டது. திரும்பினேன். புரோசி சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டிருந்தாள்.

"புரோசி. உன் குலம் என்ன?"

"எதுக்கு பாஸ்?"

"நான் வெட்டுக்கிளிக் குலம். நவம்பர் மாசம் பூரா என் முன்னாடி வெட்டுக்கிளி வறுத்துத் தின்னு வெறுப்பேத்துவ. நீ எதத் தின்னக்கூடாதுன்னு ஒரு நாளும் சொன்னதில்ல."

"...நீர்நாய்."

"உன் குலச்சின்னத்தப் பாத்தா பூனைன்ன?"

"நேர்ல பாத்ததில்ல பாஸ்! தின்னக்கூடாதுன்னு மட்டும்தான் வீட்டுல சொல்லியிருக்காங்க!"

ஸலோங்கோ எழுந்துவிட்டார். புரோசியைத் தலையிலிருந்து கால் வரை பார்த்தார். கள்ளுக்குப் பழம் பதமா என்று பார்க்கிற பார்வை.

"டீச்சரம்மா," என்றார் மெதுவாக. "கல்லறைங்கறது ஒரு பெரிய விஷயமே இல்ல. எல்லார் வீட்டுத் தோப்புலயும் கல்லறை இருக்கு. செத்தவங்களுக்குக் கடைசிச் சடங்கு செய்யல, வாரிசு வெக்கல, அதான் தப்பு. வாரிசு இல்லாத வீட்டுப் பானையில யாரும் கை வெக்க மாட்டாங்க. வாரிசு உக்காந்துட்டா, வீடு தெறந்தாச்சு. அவ தன் கையால தண்ணி குடுத்தா, ஊரே வாங்கிக் குடிக்கும்."

"வாரிசு யாரா இருக்கணும்?"

"பொம்பளைக்குப் பொம்பள. அதே குலம். கல்யாணமாகாத பொண்ணா இருந்தா உத்தமம். நானும் நாலு மாசமா தேடறேன். எங்க குலத்துப் பொண்ணுங்க எல்லாம் வேற ஊருக்கு வாக்கப்பட்டுப் போயிட்டாங்க."

எல்லோரும் புரோசியைப் பார்த்தோம்.

"நான் பைக் ஓட்ட வந்தவ," என்றாள் புரோசி.

*

சடங்கை வெள்ளிக்கிழமையே முடித்தார்கள். வழக்கமாக இரண்டு நாள் ஆகும். வெள்ளைக்காரம்மாவுக்கு உறவுக்காரர்கள் குறைவு என்பதால் ஒரு பகல் போதும் என்று ஸலோங்கோ தீர்ப்புச் சொன்னார். புரோசியைப் பாயில் உட்கார வைத்து, தோளில் மரப்பட்டைத் துணி முடிந்தார்கள். வாரிசு ஆணாயிருந்தால் கையில் ஈட்டி கொடுப்போம், பெண்ணாயிருந்தால் கத்தி. டோரத்தியின் வாரிசுக்கு ஸலோங்கோ பம்புக் கைப்பிடியைக் கொடுத்தார்.

அதை மாட்டியது நான். போல்ட்டுகள் எண்ணெயில் வழுக்கிக்கொண்டு ஏறின.

சாப்பாட்டின் நடுவே ஸலோங்கோ என் பக்கம் சாய்ந்தார். "உங்க வீட்டம்மாவுக்கு வாரிசு வெச்சாச்சா?"

"இன்னும் இல்ல."

"வெச்சிடுங்க," என்றார். என் இலையில் இன்னொரு துண்டு கறி வைத்தார்.

சனிக்கிழமை பத்து மணிக்கு வெள்ளை வேன் வந்தது. ஹாலிடே இறங்கினார். உயரம், வெயிலில் சிவந்த மூக்கு, அறுபதைத் தாண்டிய வயது. இறங்கியவர் அப்படியே நின்றார். மேடையிலிருந்து பாதை வரை, பாதையிலிருந்து வாழைத்தோப்பு முனை வரை மஞ்சள் கேன்கள் வரிசை. ஒன்றிலும் தண்ணீர் இல்லை. வாரிசு இன்னும் தொடங்கி வைக்கவில்லை.

பம்பின் பக்கத்தில் பாயில் புரோசி உட்கார்ந்திருந்தாள்.

ஸலோங்கோ கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டு முன்னால் வந்தார். "டீச்சரம்மா, சொல்லுங்க. இவங்கதான் உங்க அம்மா."

டீச்சர் ஆங்கிலத்தில் சொன்னார். ஹாலிடே இன்னொரு தடவை சொல்லச் சொன்னார். டீச்சர் மறுபடி சொன்னார். சடங்கை விளக்கினார். வாரிசு உட்கார்ந்துவிட்டால் அந்தப் பெயரும் உறவும் அவளுடையது. செத்தவரின் பிள்ளைகள் அவளை அம்மா என்றுதான் கூப்பிட வேண்டும். வயது ஒரு பொருட்டல்ல.

  டப்பாவைப் பற்றி ஊருக்கே தெரியும் என்பது அப்போதுதான் ஹாலிடேவுக்குப் புரிந்தது. காது வரை சிவந்தார்.

"முப்பது வருஷம்," என்றார் கடைசியில், டீச்சரிடம். "அம்மா ஸ்வெட்டர் பின்னி வித்து இந்த மாதிரி பம்புக்கெல்லாம் காசு அனுப்பினாங்க. ஒண்ணைக்கூட நேர்ல பாத்ததில்ல. அதான் கொண்டுவந்தேன். உங்களக் கேட்டிருக்கணும்."

டீச்சர் அதை எங்கள் பாஷையான லுகாண்டாவில் சொன்னார். கூட்டம் ஒப்புதலாக உம் கொட்டியது.

எல்லோரும் இப்போது புரோசியைப் பார்த்தார்கள். அவள் என்ன பேசுவாள் என்று எனக்குக் கவலை. இதுவரை அவள் வாயைத் திறந்து நல்லதாக ஒன்றும் வந்ததில்லை.

புரோசி ஹாலிடேயை மேலும் கீழும் பார்த்தாள்.

"ஏண்டா இப்படி மெலிஞ்சு போயிட்ட?" என்றாள். "சாப்பிட்டியா?"

டீச்சர் மொழிபெயர்த்தார். ஹாலிடே பாயருகே வந்தார். முழங்காலிட்டார். எங்கள் வழக்கம் அவருக்குத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. கால் தானாக மடிந்தது என்றுதான் நினைக்கிறேன்.

"நாலு மாசமா அம்மாவத் தனியா விட்டுட்டுப் போயிட்ட. ஒரு சடங்கு இல்ல, ஒண்ணும் இல்ல. இந்த ஜனங்க பாத்துக்கிட்டாங்க. இந்தப் பெரியவர் பெருக்கினார். உனக்கு வெக்கமா இல்ல?"

"ஸாரி மம்," என்றார் ஹாலிடே. அதை யாரும் மொழிபெயர்க்கவில்லை.

"சரி, அழாதே. விக்கல் எடுக்கும். பள்ளிக்கூடத்துக்குப் பம்பு வேணும். இந்த மாசத்துக்குள்ள. கைப்பிடி ரெண்டு எங்ககிட்டயே இருக்கு, மிச்சத்த நீ கொண்டா. அம்மாவ ரெண்டு தடவ கேக்க வெக்காதே."

டீச்சர் மொழிபெயர்க்கத் தொடங்கினார். பாதியில் புறங்கையால் கண்ணைத் துடைத்தார். செருமிக்கொண்டு மீதியைச் சொன்னார்.

"யெஸ், மம்," என்றார் ஹாலிடே. பாக்கெட்டிலிருந்து ஒரு நோட்டை எடுத்து அங்கேயே எழுதிக்கொண்டார்.

"அந்தக் கல்லு மட்டும் வேண்டாம்னு சொல்லுங்க டீச்சரம்மா," என்றார் ஸலோங்கோ. "ஒரு ஊருக்கு ஒரு கல்லு போதும்."

புரோசி எழுந்தாள். கைப்பிடியைப் பிடித்து மெதுவாக அழுத்தினாள். ஒன்று. இரண்டு. ஏழாவது அழுத்தில் மூக்கிலிருந்து சிலந்தி வலையோடு தண்ணீர் வந்தது. கொஞ்சம் போகவிட்டு, ஒரு பிளாஸ்டிக் குவளையைப் பிடித்தாள். வரிசையில் முதலில் நின்றது டீச்சரின் மகள். இரண்டு கையாலும் வாங்கினாள். குடித்தாள்.

"எப்படியிருக்கு?" என்று கேட்டார் டீச்சர்.

"பல்லு கூசுதும்மா," என்றது குழந்தை. குவளையை மறுபடி நீட்டியது.

கேன்கள் நகரத் தொடங்கின. வியாழக்கிழமை பிள்ளையின் வாயைப் பொத்திய பெண் இப்போது உரக்கப் பாடினாள். பிள்ளை கைப்பிடியில் தொங்கி ஆடியது. ஸலோங்கோ பல்லைக் கடித்துக்கொண்டு வேறு பக்கம் பார்த்தார்.

மத்தியானம் கிளம்பினோம். பைக்கின் கேரியர் காலியாக இருந்தது.

"என் கூலி எங்கே?" என்றேன்.

"நேத்து விருந்துல உங்க இலையில ரெண்டு துண்டு விழுந்துதே பாஸ். மறந்துட்டீங்களா?"

"ஸலோங்கோ போட்டது?"

"கூவின குரல் உங்களுக்கு அடையாளம் தெரியலையாக்கும்."

மரப்பட்டைத் துணியை இழுத்துவிட்டுக்கொண்டு அவள் பின் சீட்டில் ஒருபக்கமாக உட்கார்ந்தாள். ஊரே வழியனுப்ப நின்றது. வாரிசு அன்று முழுக்க வேலை செய்யக்கூடாதாம்.

"வண்டிய எடு பையா," என்றாள். "அம்மா விழுந்துடாம."

எனக்கு ஓட்டத் தெரியாது என்பது அவளுக்குத் தெரியும். தார் ரோடு வரை ஆறு கிலோமீட்டர். தள்ளிக்கொண்டே நடந்தேன்.